இரு தேவியர் கனலும் ஒரே பானையில் செல்வது குறித்து

மழை பிழையாது பெய்க. மனைதோறும் அடுப்பு அணையாது எரிக. வெண்மணல் நாட்டுக் கோவேந்தர், பகைவர் முடி பணியும் வியன்கதிர்ப் பெருமானின் பட்டத்து மூத்த தேவி பூதலமாதேவி, வடகரை மாளிகையிலிருந்து விடுக்கும் ஓலை. தென்கரை மாளிகையில் வீற்றிருக்கும் இளைய தேவி, முத்தூற்று நாட்டு மன்னர் ஈன்ற செல்வி, அணியிழைத் தேவியார் திருமுன் காண்க. உம் தந்தையார் நாட்டில் நெல்லும் உப்பும் குறைவின்றி விளைக. உம் மாளிகையும் தோழியரும் மாடத்துப் புறாக்களும் நலமே வாழ்க. உமது மடைப்பள்ளி நலமாக இருப்பதை நான் கேட்டறிய வேண்டியதில்லை. அங்கே உண்டு வரும் நாள்களில் அரசரின் முகமே அதைச் சொல்லிவிடுகிறது.

ஆண்டுதோறும் ஆறு கரையை அரித்து நம் இருவர் மாளிகைச் சுவரையும் தொட்டுவிட்டமையால், மழைக்காலத்துக்கு முன்னரே நாம் இருவரும் குன்றடியில் எழுந்துள்ள புதிய அரண்மனைக்குக் குடிபெயர வேண்டும் என்றும், அங்கே தேவியர் இருவர்க்கும் மடைப்பள்ளி ஒன்றே என்றும் அரசர் ஆணையிட்டதை நீர் அறிவீர். பொருள்களைச் சுமந்து செல்லும் மாட்டுவண்டிக் கூட்டமாகிய சாத்தை அவரவரே தேர்ந்துகொள்க என்றும் அருளினார். நம் அரசர் போரில் வல்லவர். இரண்டு மனைவியரை ஒரே சமயத்தில் வீடு மாறச் சொன்னால் என்ன நேரும் என்பதை மட்டும் அவர் அறியார்.

வீடு பெயர்வோர் பழைய அடுப்பின் கனலை உமியிட்ட பானையில் கொண்டுசென்று புதிய அடுப்பை மூட்டுவது நம் நாட்டு வழக்கம். எவர் கனல் அங்கே முதலில் சேர்கிறதோ, மடைப்பள்ளி அவர்க்கு உரியது. மனைத்தலைவர் உண்ணும் சோறும் அவர் கையது. அரசர் முடிசூடிய நாள் முதல் அவர்க்குச் சோறிட்டவள் நான். நீர் வந்த பின்னர் அவர் பாதி நாள்களில் ஓடமேறி உம் கரைக்கு வந்து, உமது புளிக்குழம்பை உண்டு, திரும்பி வந்து என்னிடமே அதைப் புகழ்கிறார். இந்நிலையில் என் பெட்டிகளும் பித்தளை விளக்குகளும் வழியில் உடைந்தாலும் நான் பொறுப்பேன். என் கனல் பிந்திச் சேர்வதைப் பொறேன்.

ஆணை பிறந்தவுடனே நீர் உம் தோழியரை, முன்பு குடிபெயர்ந்த மனைகளுக்கு அனுப்பி, எந்தச் சாத்து எவ்வாறு நடந்தது, எவர் வீட்டுச் சாடி உடைந்தது, எவர் வீட்டுக் கனல் அணைந்தது என்று அவ்வீட்டுப் பெண்டிரையே விசாரித்ததாகவும், அவர்கள் ஒருமுகமாகச் சொன்ன வேம்பனின் சாத்தையே அமர்த்தியதாகவும் என் செவிக்கு எட்டியது. அன்று எனக்கு வயிறு எரிந்தது. நான் அப்போது எந்தப் பட்டாடையை எந்தப் பெட்டியில் அடுக்குவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தோன்ற வேண்டிய யோசனை உமக்குத் தோன்றியிருந்தது.

வேம்பனை வடகரைக்கு வரவழைத்தேன். பருத்த உடல், வாய் நிறைய வெற்றிலை, வணக்கத்திலும் பாதிதான் குனிவு. தென்கரையை விடுத்து என் மனையை ஏற்குமாறு பணித்தேன். இளைய தேவியார்க்கு வாக்குக் கொடுத்துவிட்டதாகவும், அதை மீட்கும் வழக்கம் தன் சாத்தில் இல்லை என்றும் அவன் கூறினான். அவ்வாறாயின் குன்றடிக்குப் போகும் வழியிலுள்ள கணவாயில் சற்று மெல்ல நடந்தால் என்ன என்று கேட்டேன். கேட்டது உண்மையே, மறைக்க என்ன இருக்கிறது? தான் ஏற்ற கனலுக்கு உமியிடும் வேளையில் மட்டுமே தன் மாடுகள் நிற்கும் என்று சொல்லி, மீண்டும் பாதி குனிந்து போய்விட்டான். மூக்குடைபட்டு நின்றேன்.

பின்னர் பூவணன் என்பவன் வந்தான். வண்டிகளுக்கு வண்ணம் தீட்டியிருந்தான், மாடுகளின் கொம்புகளுக்கு வெள்ளிக் குப்பி அணிவித்திருந்தான். நான் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றுக்கும் ஆகட்டும் என்றான். இளைய தேவியின் கனல் முந்திவிடும் என்ற கவலை வேண்டா என்றும், கணவாயின் குறுகிய இடத்தில் தன் வண்டிகளைக் குறுக்கே நிறுத்தி, தென்கரைக் கனலைப் பனியில் காக்கவைத்து அணைத்துவிடுவதாகவும், காது குளிரச் சொன்னான். நான் மகிழ்ந்தேன். அன்று உணவும் நன்றாக இறங்கியது. கை கழுவும்போதுதான் ஓர் ஐயம் எழுந்தது: எனக்காக உம்மை வழிமறிப்பவன், வேறொருவர் சொன்னால் என்னை வழிமறிக்க எவ்வளவு நேரமாகும்?

ஆகவே சோதித்துப் பார்த்தேன். வேனில் மாளிகையிலிருந்து என் ஆடைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவர அவனைப் பணித்தேன். என் மாளிகைப் பெண்டிர் பெட்டிக்குக் கயிறிட்டால் முடிச்சின் நுனியை உள்ளே மடித்துச் செருகுவர். வந்த பெட்டியில் நுனி வெளியே தொங்கியது. உள்ளே ஒன்றும் குறையவில்லை. ஆயினும் திறந்து பார்த்திருக்கிறான். அவனை அன்றே அனுப்பிவிட்டேன்.

இப்போது மேற்கே மேகம் கருத்துவிட்டது. மற்றச் சாத்துகள் யாவும் அமைச்சர் மனைகளையும் வணிகர் மனைகளையும் ஏற்றிப் போய்விட்டன. மீண்டும் வேம்பனுக்கே ஆள் விடுத்தேன். நம் இருவர் பொருள்களையும் ஏற்ற மாடுகள் உண்டு என்றும், ஆனால் ஒரு சாத்தில் ஒரு கனல்தான் ஏற்பது தன் முறை என்றும், இரண்டு பானைகள் வந்தால் ஒன்றுக்கு உமியிடும்போது மற்றொன்றைக் கவனிப்பார் இல்லாமல் போகும் என்றும், தேவியர் இருவரும் ஒரே கனலோடு வருவதாயின் தனக்குத் தடையில்லை என்றும் அவன் மறுமொழி விடுத்தான். அதற்கு இளைய தேவியார் இசைய வேண்டும் என்பதையும் சொல்ல அவன் மறக்கவில்லை.

உம்மிடம் கேட்பதா என்று சினந்து நான் மாடத்தில் உலவியபோது, பூவணன் உம் கரைக்கு ஓடமேறிச் செல்வதைக் கண்டேன். எனக்குச் சொன்னதையே உமக்கும் சொல்லப் போகிறான் என்று அறிந்தேன். என் கனலை அணைக்க நீர் ஒருப்பட்டிருந்தாலும் உம்மைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அவன் போன ஓடத்திலேயே திரும்பிவிட்டான். அவன் பேச்சை முடிக்கும் முன்பே நீர் வாயிலைக் காட்டியதாக ஓடக்காரன் சொன்னான். நான் உண்டு, கை கழுவி, ஒரு பெட்டியை அனுப்பி அறிந்ததை நீர் அமர்ந்த இடத்திலேயே அறிந்துவிட்டீர். நீர் கொடியவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். இதற்காகவும் உம்மேல் எனக்குப் பொறாமையே.

ஆதலால் மூத்த தேவி பணிப்பது இது. வளர்பிறை வெள்ளியன்று விடியலில் என் கனலோடு நானே உம் கரைக்கு வருவேன். பானையின் அடியில் முதலில் என் கனல், அதன்மேல் உமது கனல், அதன்மேல் உமி. மூடியபின் எது எவருடையது என்று அரசர்க்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. கீழே இருப்பது என்னுடையது என்பதை நீர் மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும். குன்றடி சேர்ந்ததும் அடுப்பை இருவரும் சேர்ந்து மூட்டுவோம். சோறு நான் வடிப்பேன். குழம்பு உமது கையால் ஆகட்டும். அதில் என்ன இடுகிறீர் என்று நான் அருகிலேயே நின்று பார்ப்பேன்.

வடகரை மாளிகையின் இணைக்கயல் முத்திரை இட்டு, பூதலமாதேவி தன் கையால் எழுதியது. இது ஆணை. எங்கேனும் வேண்டுகோள் போலத் தோன்றினால், அது என் எழுத்தாணி தேய்ந்தமையால் நேர்ந்தது என்று கொள்க. மறுமொழியை இந்த ஓடத்திலேயே விடுக்க. நான் மாடத்தில் நின்றுகொண்டிருக்கிறேன்.