அப்பா இறக்கிவிட்ட கம்பிகள்

ஆரணி
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் ஜோபினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், கல்கத்தாவில் நீயும் உன் கிதார் குரு வீட்டாரும் சுகமாக இருக்க தினமும் ஜெபிக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுகிறாய், காகிதத்தை அப்படி வைக்க முடியாது, அதுதான். இங்கே ஒரு வாரமாக மழை, செய்யார் கம்பெனி பஸ் தெருமுனைக்கு வராமல் பெரிய ரோட்டிலேயே நின்றுவிடுகிறது, ஷிப்டுக்கு நனைந்துகொண்டே போய் எனக்குச் சளி பிடித்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. எதிர்வீட்டு அகல்யாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, உன்னை விசாரித்தாள்.

போன வியாழக்கிழமை வீடியோ காலில் அப்பா உன் பழைய கிதாரைக் காட்டினதும், எல்லாத்தையும் கெடுத்துட்டீங்க, கிறிஸ்துமஸுக்கு நான் வரல என்று சொல்லி வைத்துவிட்டாய். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நடந்ததைக் கேள். நீ டிசம்பரில் வருவதாகச் சொன்ன அன்றைக்கே அப்பா அதைப் பரணிலிருந்து இறக்கினார். கம்பிகள் விரல் பருமனுக்கு மேலே எழும்பி நின்றதைப் பார்த்துவிட்டு, ஈரத்துல ஊறித் தூக்கிகினு போச்சு போலக்குது, இத்த அவன் எப்படி வாசிப்பான் என்று கேட்டார். தறி ரிப்பேர் செய்கிற ஆளாச்சே, தறியில் பாவு நூல் ஒரு பக்கம் தூக்கியிருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. கம்பிகளுக்கு அடியில் நீ வைத்திருந்த இரும்புத் துண்டைக் கழற்றி, இரண்டு நாள் உட்கார்ந்து அரத்தால் அராவி அராவி மட்டமாக்கி, கம்பிகளைக் கட்டையோடு கட்டையாக இறக்கிவிட்டார். மரத்துக்கு எண்ணெய் போட்டுத் துடைத்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது. நீ கம்பெனி வேலையை விட்டு ரயிலேறிய அன்று, கிதார மடியில படுக்கப் போட்டு வாசிக்கறதெல்லாம் ஒரு பொழப்பா என்று அவர் கேட்டது தப்புதான், அன்றைக்கே நான் சண்டை போட்டேன். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனுஷன், தெரிந்த வேலையைச் செய்துவைத்தார். அது உனக்குத் தெரியவில்லையே என்று எனக்கு உன்மேல் கோபம்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும், பாடகர் குழுவில் கிதார் வாசிக்கிற சாராவிடம் எடுத்துப்போய்க் காட்டினோம். அங்கிள், இது விரல் வெச்சு அழுத்தறது இல்லீங்க, கம்பி மேலயே இரும்பு உருளைய வெச்சுத் தள்ளிகினு போறது, கம்பி கீழ இருந்தா கட்டையில இடிக்கும்ங்க என்றாள். உறையில் கிடந்த உன் உருளையை வைத்து இழுத்தாள், காது கூசியது. பிறகு கம்பிகளைத் தளர்த்தி ஒரு பென்சிலை அடியில் செருகி, முறுக்கி மறுபடி இழுத்தாள். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல், நடுவில் இருப்பதையெல்லாம் தொட்டுக்கொண்டே போனது, மனுஷக் குரல் மாதிரி. ராகத்துக்கு அந்த நடுவில் இருப்பதுதான் முக்கியமாம். நீ எத்தனை தரம் எனக்குச் சொல்லியிருப்பாய், நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே உம் கொட்டியிருக்கிறேன். என் தப்பும் இருக்கிறது. அப்பா வெளியே வந்து சர்ச் படியில் உட்கார்ந்து, புள்ள வேலைய நானே கெடுத்துட்டேன் அமலா என்று அழுதார். உன் தாத்தா இறந்தபோதுகூட அவர் அழுது நான் பார்க்கவில்லை.

நேற்று லேத் பட்டறைக்குப் போய் மூன்று இரும்புத் துண்டு செய்து கொண்டுவந்திருக்கிறார், மூன்று நூல், மூன்றரை நூல், நான்கு நூல் உயரத்தில், எட்டு நூல் சேர்ந்தால் ஓர் அங்குலமாம். அராவிவிட்டதால் பழைய உயரம் எது என்று அவருக்குத் தெரியவில்லை. தொழிலில் யாரிடமும் சந்தேகம் கேட்காத மனுஷன், எத்தினி நூல் ஒசரம் இருக்கணும்னு அவன்கிட்ட கேட்டு எழுது என்கிறார். நான் கேட்கப் போவதில்லை ஜோபின். அப்பாவும் பிள்ளையும் இரண்டு வருடமாக என் வாயாலேயே பேசிக்கொண்டது போதும், எனக்கு அலுத்துவிட்டது.

ஆண்டவர் உன் கைகளையும் காதுகளையும் காத்து, போகிற இடமெல்லாம் கூட வரட்டும். குளிர் ஆரம்பித்திருக்கும், ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே. அப்பா மத்தியானம் ஒன்றரைக்குச் சாப்பிட உட்காருவார், அவர் நம்பருக்கே கூப்பிடு.

என்றும் உன்
அம்மா அமலா