எரிகிற மெத்தைக்கு என் கையெழுத்து

ஜூன் 9, திங்கள்
விமான சீட் மெத்தை தேறவில்லை. புது உறை போட்ட சீட்டை லேபில் எரித்துப் பார்த்ததில் எடை பதினாலு சதவீதம் குறைந்திருக்கிறது. பத்தைத் தாண்டக் கூடாது. விமானத்தின் உட்புறத்தையே மாற்றி நூற்றெண்பது சீட் போடுகிறோம், அத்தனையிலும் இதே துணி. பாதுகாப்புச் சான்றில் கையெழுத்துப் போட வேண்டியவள் நான். சொன்ன தேதிக்கு வேலையை முடித்துக் கொடுக்க வேண்டியவர் என் வீட்டுக்காரர் பிரகாஷ். பெங்களூர் கம்பெனி வேலையைக் காரைக்குடி வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து பார்க்கிறோம். என்ன கொடுமை!

ஜூன் 11
"பழைய துணி ரிப்போர்ட்ட வச்சுப் போட்டு விடு ஷீலா. யாரு போயி எரிச்சுப் பாக்கப் போறாக?"
"நாளைக்கு எரிஞ்சா நீங்க பதில் சொல்லுவீகளா?"
முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

ஜூன் 12
போட மாட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு
பூசை முடிந்து வந்து பார்த்தால் சான்று கம்பெனிக்குப் போயிருக்கிறது! என் பெயரில், காலை ஏழே காலுக்கு. அப்போது நான் மாதா கோயிலில் முழங்காலில் இருந்தேன். அவர் தலைவலி என்று வரவில்லை. டிஜிட்டல் கையெழுத்துப் போடும் பென்டிரைவ் அலமாரியில். பாஸ்வேர்டு — நான்தான் சொன்னேன், போன மாதம் காய்ச்சலில் கிடந்தபோது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"எடுத்தீகளா?"
"ஒரே வீட்டுல உன் கையெழுத்து என்ன, என் கையெழுத்து என்ன?"
கூசாமல் சொல்கிறார். அடப்பாவி மனுஷா.

ஜூன் 16
கம்பெனிக்கு எழுதினேன். பாஸ்வேர்டு சொன்னதையும் மறைக்கவில்லை. அனுப்பும் முன் அவரிடம் காட்டினேன்.
"என் வேல போயிரும்டி."
தெரியும். அனுப்பிவிட்டேன்.

ஜூன் 24
அவரை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். பாஸ்வேர்டு சொன்னதற்காக என் கையெழுத்து உரிமையும் போயிற்று. நியாயம்தான். நியாயமென்றால் வலிக்காதா?
மாமியார் கேட்கிறார்: "புருசனக் காட்டிக் குடுத்துட்டு எப்பிடித்தா ஒனக்குச் சோறு எறங்குது?"
இறங்குகிறது அத்தை. பசிக்கிறதே.

ஜூலை 30
சீட்டையெல்லாம் கழற்றி வேறு துணி போட்டு எரித்துப் பார்த்தார்களாம். ஏழு சதவீதம். தேறிவிட்டது. சனிக்கிழமை விமானம் பறக்கிறது. அவரிடம் சொன்னேன். ஐந்து வாரம் கழித்து வாயைத் திறந்தார்.
"இப்பச் சந்தோசமா?"
"இல்ல."
அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா இன்னொரு தடவ நடந்தாலும் எழுதித்தான் அனுப்புவேன்" என்றேன்.

சாயங்காலம் அத்தையையும் கூட்டிக்கொண்டு சிவகங்கையில் தன் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார். போயிட்டு வாரேன் என்று சொன்னது அத்தை மட்டும்தான்.