திங்கட்கிழமை விடுமுறை

இண்டி,
15-6-2004

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நான் நலம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? நீங்கள் வந்து போய் நான்கு மாதம் ஆகிறது. குறையாகச் சொல்லவில்லை, கணக்குக்குச் சொன்னேன்.

மகளிர் தொழில் திட்டத்தில் எங்கள் ரொட்டிக் குழுவுக்கு வழிகாட்ட தார்வாடிலிருந்து வினுதா என்ற பெண்ணை அனுப்பியிருக்கிறார்கள். இருபத்தாறு வயது. வந்த முதல் நாளே சோள ரொட்டி தட்ட உட்கார்ந்தாள். மூன்றும் கிழிந்தன. "இது எனக்கு வராது அக்கா. நான் கேள்வி கேக்குறேன், நீங்க தட்டுங்க" என்றாள்.

அன்றிலிருந்து கேள்விதான். மென் ரொட்டி எத்தனை நாள் தாங்கும், மொறுமொறுப்பான கடக் ரொட்டி எத்தனை மாதம் தாங்கும், ஏன் இரண்டுக்கும் ஒரே கூடை? பத்து வருடமாகத் தட்டுகிறேன், இதை நான் யோசித்ததில்லை. இப்போது கடக் ரொட்டியைத் தனியாகக் காயவைத்துக் கட்டுகிறோம். நான்கு பேராக இருந்தோம், எட்டாகிவிட்டோம்.

முந்தாநாள் ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டேன். "திங்கட்கிழமை ஏன் லீவு? காலேஜ் ஹாஸ்டலுக்கு அன்னிக்குத்தான் நிறைய வேணுமாம்." என்னோடு தட்டும் காசவ்வா முந்திக்கொண்டாள்: "அது நந்தி பசவண்ணன் நாளு. மாட்ட ஏர்ல பூட்ட மாட்டோம்." வினுதா கொட்டகையைச் சுற்றிப் பார்த்து, "இங்க மாடு யாரு அக்கா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். இத்தனை நாளும் பசவண்ணனுக்காகத்தான் மூடுகிறேன் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். சோலாப்பூரில் உங்கள் மில்லுக்கு அன்று விடுமுறை என்பதை நான் சொல்லவில்லை.

உங்கள்
நீலவ்வா


சோலாப்பூர்,
27-6-2004

நீலாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இருமல் குறையவில்லை, துண்டு நெய்யும் மில்லில் பஞ்சு பறக்கத்தானே செய்யும்.

சின்னப் பெண் வந்து உனக்கு வியாபாரம் சொல்லிக்கொடுக்கிறாளா? நன்றாக இருக்கட்டும். என் மாவு மில் மூடியபோது கேள்வி கேட்க ஒருத்தரும் வரவில்லை. அண்ணன் தம்பிகள் வந்து பூட்டைத்தான் பார்த்துவிட்டுப் போனார்கள். வருவதற்கு எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. எட்டுப் பெண்கள் உட்கார்ந்திருக்கும் வீட்டில் நான் எங்கே உட்காருவது?

பரசப்பா


இண்டி,
3-7-2004

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

உட்கார இடம் கேட்டிருந்தீர்கள். இருக்கிறது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

வினுதா எங்களைத் திட்டம் எழுத வைத்திருக்கிறாள். வருகிற பதினான்காம் தேதி திட்டத்தின் தேர்வுக் குழுவின் முன் நான் அதைப் படிக்க வேண்டும். ஒத்துக்கொண்டால் சந்தை மைதானத்துக்குப் பக்கத்தில் பெரிய கொட்டகை தருவார்கள். யார் என்ன வேலை என்று அதில் ஒரு பக்கம். மாவு பிசைவது, சுடுவது, கட்டுவது எல்லாவற்றுக்கும் பெயர் எழுதியாகிவிட்டது. வெளியூர்க் கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் வேலைக்கு உங்கள் பெயரைப் பென்சிலில் எழுதியிருக்கிறேன். நீங்கள் தானியம் அறிந்தவர், நாலு ஊர்க் கடைக்காரர்களைத் தெரிந்தவர்.

"பென்சில்ல இருந்தா குழுவுல கேப்பாங்க அக்கா. அவரையே வந்து சொல்லச் சொல்லுங்க" என்கிறாள் வினுதா. பன்னிரண்டாம் தேதி திங்கட்கிழமை. அன்று வாருங்கள். முடியாதென்றால் அதையும் வந்து சொல்லுங்கள்.

உங்கள்
நீலவ்வா


சோலாப்பூர்,
7-7-2004

நீலா,

திங்கட்கிழமை காலைப் பாசஞ்சரில் கட்டாயம் வருகிறேன். எண்ணெய்க் கத்தரிக்காய் செய்து வை. அந்தப் பெண்ணிடம் பேனா கொண்டுவரச் சொல்.

பரசப்பா


இண்டி,
13-7-2004

பரசப்பா அவர்களுக்கு,

கத்தரிக்காய் செய்தேன். காலைப் பாசஞ்சர் வந்தது. மாலை வண்டியும் வந்தது. இரண்டுக்கும் ஸ்டேஷனுக்குப் போனேன். உடம்புக்கு முடியவில்லையோ என்று மில் ஆபீசுக்குப் போன் செய்து கேட்டேன். "பரசப்பாவா? லீவு நாள்லகூட இங்கதான் சீட்டாடிக்கிட்டு இருக்காரு" என்றார் வாட்ச்மேன். நல்லது, உடம்பு சுகமாக இருக்கிறது.

அழுகை வரும் என்று உட்கார்ந்தேன், வரவில்லை. கோபமும் வரவில்லை. ரொட்டி தட்டித் தட்டி உள்ளங்கை மரத்துப்போகும், சூடு தெரியாது. உள்ளே அப்படி இருக்கிறது.

நடுவில் ஹாஸ்டல் வண்டிக்காரர் வந்து ரொட்டி கேட்டார். இன்று விடுமுறை என்றேன். "யாருக்கும்மா லீவு?" என்று கேட்டுவிட்டுப் போனார். வாசலில் நான் ஒருத்திதான் நின்றிருந்தேன்.

இன்று காலை வினுதா வந்தாள். எப்போதும் கேள்வி கேட்கிறவள், நோட்டைத் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். நானே ரப்பரால் அழித்தேன். காசவ்வாவின் பெயரைப் பேனாவில் எழுதினேன். அவள் சனிக்கிழமை தோறும் சோலாப்பூருக்குச் சரக்கு கொண்டுவருவாள். உங்கள் மில் வாசலுக்கு எதிரே இருக்கும் கடைக்கும் போடுகிறோம். அங்கே கடக் ரொட்டி வாங்கினால் அது நம் வீட்டுடையது.

விடுமுறைப் பத்தியிலும் திங்களை அடித்து ஞாயிறு என்று எழுதிவிட்டேன். காசவ்வா மட்டும், "பசவண்ணன் கோச்சுக்க மாட்டாரா அக்கா?" என்றாள். அவர் மாட்டார் என்றேன்.

நாளை தேர்வுக் குழுவின் முன் படிக்கிறேன். வரும் திங்கட்கிழமையிலிருந்து கதவு திறந்திருக்கும். வருகிறவர்கள் தட்ட வேண்டாம். யாரும் காத்துக்கொண்டிருக்க மாட்டோம், வேலையில் இருப்போம்.

நீலவ்வா