தாய்மார் பள்ளிக்கூடம் வந்த சனிக்கிழமை

1912 நவம்பர் 4, திங்கள்
விடாத மழை. ஆற்றில் செந்தண்ணீர். அக்கரைப் பிள்ளைகள் யாரும் வரவில்லை.
மேல் வகுப்புக்கு வந்ததும் பெண்கள் நின்றுவிடுகிறார்கள், என்ன செய்யலாம் என்று மிஷன் அம்மா போன மாதம் கேட்டார். தாய்மாரைக் கூப்பிட்டு, உள்ளே நடப்பதைக் காட்டுவோம் என்றேன். இன்று அனுமதி வந்தது. சனிக்கிழமை கூட்டம்.
பாய் இரவல். பானக்கம். வீடு வீடாகப் போய் அழைக்க வேண்டும்.

5, செவ்வாய்
காற்றில் குடை முறிந்தது. நனைந்தபடியே மூன்று தெரு. எல்லா வீட்டிலும் ஒரே பயம், "பிள்ளை தப்பு ஏதும் பண்ணிட்டாளா?" ஞானசுந்தரியின் அம்மா அன்னம்மாள் மட்டும், என்ன சேலை உடுத்தி வரவேண்டும் என்று கேட்டாள்.
ஞா. எட்டாம் வகுப்பு. இவளைப் போல ஒருத்தி எனக்கு இதுவரை வாய்க்கவில்லை. டிசம்பர் பரீட்சை தேறினால் பாளையங்கோட்டையில் டீச்சர் படிப்பு. அப்பா அரைமனதாகச் சம்மதம்.

9, சனி
நல்ல வெயில். பாய் போதவில்லை! அவரவர் மகள் உட்காரும் இடத்தில் உட்கார ஆசைப்பட்டார்கள். ஒருத்தி மகளின் சிலேட்டை மடியிலேயே வைத்திருந்தாள்.
ஞா. கிரகணப் பாடம் வாசித்தாள். பிறகு விளக்கையும் தேங்காயையும் வைத்து விளக்கிக் காட்டினாள். பின்னாலிருந்து யாரோ, "இம்புட்டுதானா கிரகணம்?" நாலாம் வகுப்பு எஸ்தரின் அம்மா சொர்ணம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.
சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

13, புதன்
ஞா. வரவில்லை. நேற்றும் இல்லை. காய்ச்சலோ?

14, வியாழன்
அன்னம்மாளே வந்தாள், பணியாரத்தோடு. முகமெல்லாம் சிரிப்பு. சொர்ணம்மாளின் மூத்த மகனுக்கு ஞா.வைப் பேசிவிட்டார்களாம். கொழும்பில் கருப்பட்டிக் கடை வைத்திருப்பவன்.
"மவன் எழுதுத கடுதாசிய வாசிச்சுச் சொல்ல வீட்டுல ஆளில்லையாம், எஸ்தரு இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்காளாம். அன்னைக்கு இவ வாசிச்சதக் கேட்டுத்தான் பொண்ணு கேட்டு வந்தாவ. எல்லாம் உங்களால தான், டீச்சரம்மா."
பரீட்சை மட்டுமாவது எழுதட்டும் என்றேன். நிச்சயமான பிள்ளை தெருவில் நடக்கலாமா என்றாள்.
சாயங்காலம் அவள் அப்பாவைப் பார்க்கப் போனேன். நாற்காலி போட்டார், காப்பி கொடுத்தார், மரியாதையாகத்தான் பேசினார். கடைசிவரை அசையவில்லை.
புறப்படும்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஞா. கேட்டாள், "அடுத்த பாடம் என்ன டீச்சர்?"
கடல் ஏற்றவற்றம் என்றேன். அது எதனால் என்றாள். அவள் அப்பா என்னை வழியனுப்ப வாசலில் நின்றார். பதில் சொல்லாமலே வந்துவிட்டேன்.

15, வெள்ளி
தலைவலி. எட்டாம் வகுப்பில் கணக்கு மட்டும். முன்பெஞ்சைப் பார்க்காமலே நடத்தினேன். பணியாரம் அப்படியே இருக்கிறது.
கூட்டமே வைக்காமல் இருந்திருந்தால்? டிசம்பர் வரையாவது வந்திருப்பாள்.

20, புதன்
தூறல். மிஷன் அம்மாவுக்குப் பரம திருப்தி. இத்தனை தாய்மார் எந்த ஊரிலும் வந்ததில்லையாம். இனி மாதாமாதம் கூட்டம்.
மத்தியானம் ஏழாம் வகுப்பு கிரேஸின் அம்மா வந்தாள். அடுத்த கூட்டத்தில் தன் மகளை வாசிக்க வைக்கவேண்டுமாம். பட்டுப்பாவாடை எடுத்தாயிற்றாம்.
அடுத்த தடவை நானே வாசிக்கப்போகிறேன் என்றேன்.
அவள் என் நரைத்த தலையையும் தாலியேறாத கழுத்தையும் ஏற இறங்கப் பார்த்தாள். பைய, வருத்தப்பட்டுத்தான் கேட்டாள்.
"உங்களுக்கு இனிமே எதுக்கு, டீச்சரம்மா?"