ஆடு தேடி வந்தவர்

மாசி 9, செவ்வாய்

மதியம் எங்கள் ஆட்டுப்பட்டியை எட்டிப் பார்த்த ஒருவரைப் போட்டோ எடுத்து, திருட்டைத் தடுக்க ஸ்டேஷனில் தொடங்கிக் கொடுத்த வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். “இவர் யார்?” என்று மட்டும்தான் கேட்டேன். போலீஸ் வருவதற்குள் ஊர்க்காரர்கள் அவரை அடித்து வேப்பமரத்தில் கட்டிவிட்டார்கள்.

ஏட்டம்மா வந்துதான் கயிற்றை அவிழ்த்தார். “தகவல்தானுங்க கேட்டோம், ஆளையா புடிக்கச் சொன்னோம்?”

பென்னாகரம் பக்கத்துக்காரராம். திருடுபோன தன் ஆட்டைத் தேடி ஊர் ஊராக அலைகிறார். நான் மன்னிப்புக் கேட்பதற்குள் அவரே கிழிந்த சட்டையோடு போனை நீட்டினார். “இதுதானுங்க என்னோட கெடா. இதையும் உங்க குரூப்புல போடுங்கம்மா.”

போட்டேன்.

அக்கம்பக்கத்து ஊர் குரூப்புகளில் அவர் படம் ‘திருடன்’ என்று இன்னும் சுற்றுகிறது. கெடாவின் படத்தை ஒருவர்கூட எங்கும் அனுப்பவில்லை.