பெற்றோல் செற்றில் பியர்

செவ்வாய், இரவு.

எங்கள் தீவின் ஒரே பெற்றோல் செற்றில் இரவிலும் பியர் விற்க விடலாமா என்று இன்று பிரதேச சபையில் வாக்கெடுத்தோம். கடைசியாக என் முறை வந்தபோது இரு பக்கமும் சமனாக இருந்தது.

கூட்டத்துக்கு முன்பே செற் முதலாளி வாசலில் மறித்திருந்தார். “தங்கச்சி, இரவில பியர் விக்காட்டி செற்றை நடத்த ஏலாது. பூட்டினால் உம்மட மனிசன்ர வள்ளத்துக்கு மண்ணெண்ணெய் எங்க எடுப்பீர்?” குரலை உயர்த்தவே இல்லை.

உள்ளே, சபையில் என்னோடு இருக்கும் மேரி அக்கா எழுந்து பேசினார். “இரவில மண்ணெண்ணெய் அடிக்கிற இடத்திலயே போத்திலும் குடுத்தா, ரெண்டையும் கொண்டுதான் கடலுக்குப் போவாங்கள். என்ர மகன் அப்பிடிப் போனவன்தான். திரும்பி வரேல்லை.”

நான் வேண்டாம் என்று கை உயர்த்தினேன். முதலாளி என்னைப் பார்க்காமலே வெளியேறினார்.

பின்னேரம் என் கணவர் மண்ணெண்ணெய்க் கானை எடுத்துக்கொண்டு செற்றுக்குப் போனார். வெறுங்கானோடு திரும்பினார்.

“முடிஞ்சுதாம்,” என்றார். “எனக்குப் பின்னால நிண்டவனுக்கு அடிச்சவங்கள்.”

“என்னில கோவமே?”

“இல்லை. நானெண்டாலும் அப்பிடித்தான் கை உயர்த்தியிருப்பன்.”

பிறகு கரைக்குப் போய், வள்ளத்தை மேலே இழுத்துக் கட்டிவிட்டு வந்து படுத்தார். அவரும் இன்னும் தூங்கவில்லை.