ஜன்னல் விளிம்பில் ஒரு பீங்கான் தட்டு

அம்மா,

இன்று அபர்டீன் பஜாரில் சாப்பாட்டுத் தட்டு வாங்கப் போயிருந்தோம். கடைக்காரர் மூன்று விதம் எடுத்து வைத்தார். ஸ்டோன்வேர் கனமானது, சூடு தாங்கும். போர்சலின் வழவழப்பு, கறை பிடிக்காது. போன் சைனா மெலிசு, எலும்புச் சாம்பல் கலந்து செய்தது. சொல்லிக்கொண்டே ஒரு தட்டின் விளிம்பை நகத்தால் சுண்டினார். அந்தச் சத்தத்தில் நம் சாத்தம் வீட்டுச் சமையலறை அப்படியே எழுந்து வந்தது.

பதிவுத் திருமணம் முடிந்து அவரை முதன்முதலாக அழைத்து வந்தேனே, அந்த ஞாயிற்றுக்கிழமை. காடு வெட்ட ராஞ்சியிலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலேறி வந்த பழங்குடிக் கூலிகளின் பேரன். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் எனக்கும் எவர்சில்வர் தட்டு வைத்தாய். அவருக்கு மட்டும் நீலக் கரை போட்ட பீங்கான் தட்டு. அவர் பூரித்துப்போனார். மாப்பிள்ளைக்கென்று நல்ல தட்டாக வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அதைக் குழாயடியில் தனியாகக் கழுவி ஜன்னலுக்கு வெளியே விளிம்பில் கவிழ்க்கச் சொன்னாய் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வேன்?

மறுவாரம் தனியாக வந்து உன்னோடு சண்டை போட்டேன். நீ அரிசி களைவதை நிறுத்தவில்லை. குரலும் உயரவில்லை.

"அவரைக் குறைவா ஒரு வார்த்தை பேசினேனா? வயிறாரச் சோறு போடலையா? தட்டு மட்டும் வேறயா இருந்துட்டுப் போகட்டும்."

ஒருநாள் அவரே சாப்பிட்ட தட்டை எடுத்துப்போய் மற்ற பாத்திரங்களோடு போட்டார். அவர் கண்ணெதிரே நீ அதை இரண்டு விரலால் எடுத்து வெளியே வைத்தாய். அதன்பிறகு தானே கழுவித் தானே கவிழ்த்து வைத்தார்.

இடுப்பெலும்பு முறிந்து நீ படுத்தபோது, கப்பல் டிக்கெட் கிடைக்கவில்லை என்று அண்ணன் மெயின்லேண்டிலேயே இருந்துவிட்டான். உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவர் அவர். கஞ்சி காய்ச்சி ஸ்பூனால் ஊட்டியவரும் அவர்தான். "உப்பு சரியா இருக்கு" என்று சாப்பிட்டாய். பிறகு அவர் தன் தட்டில் சாப்பிட்டு, கழுவி, ஜன்னல் விளிம்பில் வைத்தார். கட்டிலில் இருந்து நீ பார்த்துக்கொண்டிருந்தாய். 'உள்ளே வைங்க' என்று ஒரு வார்த்தை வரும் என்று கதவருகில் காத்து நின்றேன். நீ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய். அந்த மாதமே போய்விட்டாய்.

கடையில் எது வேண்டும் என்று அவரைக் கேட்டேன். தட்டிலிருந்த பூவையும் பார்க்கவில்லை, விலையையும் பார்க்கவில்லை.

"எதுன்னாலும் டீக் ஹை. எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கணும், அவ்வளவுதான்."

சாம்பல் நிற ஸ்டோன்வேர் செட் ஒன்றை வாங்கி வந்தோம்.

நாளை உன் திதி. உனக்குப் பிடிக்கும் என்று ஜங்லிகாட் சந்தையில் தேடிச் சேனைக்கிழங்கு வாங்கி வைத்திருக்கிறார். உன்மேல் அவருக்குக் கோபமில்லை. அவருடைய பங்கையும் சேர்த்து நான்தான் வைத்திருக்கிறேன். உன்னை நினைத்து அழுகிற நாளிலும் அது குறைவதில்லை, அம்மா.